18 பேரை வைத்து ஓட்டிய ஓட்டல்

கேள்வி: மேடம், வணக்கம். எனக்கு 42 வயது. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு அருகே 72 அறைகள் உள்ள ஒரு பிசினஸ் ஓட்டலில் 13 வருடமாக இருக்கிறேன். 2019-இல் ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர் ஆனேன். கொரோனாவில் ஒன்றரை வருடம் பாதிச் சம்பளம். 2022-இல் ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்று பெயர் மாற்றி, ஹவுஸ்கீப்பிங்கையும் ரெஸ்டாரன்ட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். தினமும் 13 மணி நேரம். ஆள் வராத ராத்திரிகளில் ரிசப்ஷனில் நிற்பதும் நான்தான். வீட்டில் படுத்தாலும் மூன்று மணிக்குப் போன் அடிப்பது போலத் தோன்றி எழுந்துவிடுகிறேன். வேலைக்கு எடுக்கும் பையன்கள் மூன்று மாதம் தாண்டுவதில்லை. ஆள் கேட்டால் முதலாளி, “கொரோனாவில் 18 பேரை வைத்து ஓட்டினோமே, இப்ப எதுக்கு 50?” என்கிறார். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் கெஸ்ட் சர்வீசஸ் மேனேஜர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே 68,000, அங்கே 60,000. போகலாமா? கற்ற தொழிலை விட்டு ஓடிப்போகிறேனோ என்றும் இருக்கிறது. அப்புறம், அக்கா மகன் ஓட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்று நிற்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?
– கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம், முதலாளி சொன்ன அந்த 18. எனக்கும் அப்படி ஓர் எண்ணைச் சொன்னார்கள். என்னுடையது 23.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது நான் ரெசிடென்சி ரோடு பக்கம் 110 அறைகள் உள்ள ஓர் ஓட்டலில் ஜி.எம்., அதாவது ஜெனரல் மேனேஜர். சம்பளப் பட்டியலில் 142 பேர். மே மாதம் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்களைத் தனிமைப்படுத்த ஓட்டல்களைக் கேட்டார்கள், நாங்களும் கொடுத்தோம். அப்போது ஓட்டலுக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தவர்கள் 23 பேர். மற்றவர்களுக்குப் போன் செய்து “இப்போதைக்கு வர வேண்டாம்” என்று சொல்லும் வேலை எனக்கு. ஒரு நாளைக்கு பத்துப் பேருக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள் சிக்கபாணாவர ஸ்டேஷனில் போய் ரயிலுக்கு நின்றார்கள். நடுவில் மாநில அரசு ரயில்களை நிறுத்தியது, பிறகு மறுபடியும் விட்டது. அந்த இரண்டு மூன்று நாளில் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

2021 கடைசியில் கல்யாணங்களும் கம்பெனிக் கூட்டங்களும் திரும்பி வந்ததும் அவர்கள் நம்பர்களை எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து 60 பேருக்குப் போன் போட்டேன். வந்தது 19 பேர். ரூம் சர்வீஸில் இருந்த பையன் ஒருவன் மட்டும் நன்றாகப் பேசினான். “மேடம், நான் இப்ப சாப்பாடு டெலிவரி. நம்ம ஓட்டலுக்கே மூணு தடவை பார்சல் கொண்டாந்திருக்கேன். நீங்க லாபியிலதான் நின்னீங்க, பார்க்கல” என்றான். ஹெல்மெட் போட்டிருந்தான், எப்படித் தெரியும் என்று சமாளித்தேன். உண்மை என்னவென்றால், டெலிவரி ஆட்களை நான் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று நாம் புலம்புகிறோமே, அந்த ஆட்களை அனுப்பியதும் நாம்தான். அவர்களுக்கு அது மறக்கவில்லை.

சரி, 18-க்கு வருகிறேன். உங்கள் முதலாளி 18 பேரை வைத்து ஓட்டியது இப்போதுள்ள ஓட்டலையே இல்லை. அப்போது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தனிமையில் இருந்தவர்கள் முதலில் 14 நாள், விதி மாறிய பிறகு 7 நாள், கதவைத் திறக்கவே இல்லை. அத்தனை நாளும் அறை சுத்தம் செய்யத் தேவையில்லை. காலை பஃபே இல்லை, பேன்க்வெட் ஹாலில் விருந்து இல்லை, பார் இல்லை. சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில் போய்க் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தது. காலி செய்த அறையைச் சில நாள் பூட்டிப் போட்டு, பிறகு ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தெளித்தோம். பயம் இருந்ததே தவிர, அறைக் கணக்கில் வேலை குறைவு. இப்போது பதினொரு மணிக்கு 40 பேர் காலி செய்கிறார்கள், இரண்டு மணிக்கு 40 பேர் பெட்டியோடு நிற்கிறார்கள். ஒரு ரூம் அட்டெண்டன்ட் ஒரு ஷிஃப்டில் 14, 15 அறை ஒழுங்காகச் செய்யலாம். 80 சதவீதம் நிரம்பினால் உங்களுக்கு 58 அறை. நான்கு பேர் வேண்டும். மூன்று பேர் வந்தால் தலைக்கு 19. அன்றைக்குத்தான் பாத்ரூமில் முடி இருந்தது என்று புகைப்படத்தோடு விமர்சனம் வரும். அதற்குப் பதில் எழுதுவதும் நீங்கள்தான்.

முதலாளியை நான் வில்லனாக்கவில்லை. 2021 மார்ச் கடைசியில் ஓட்டல்களுக்கும் நீட்டித்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் வாங்கியவர்களுக்கு 6 வருடத் தவணை. முதல் 2 வருடம் அசல் கட்டத் தேவையில்லை, அதன் பிறகு அசலும் வட்டியும் சேர்ந்து தவணையாக இறங்கும். உங்கள் முதலாளியும் அதை வாங்கியிருந்தால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கலாம். அவர் கணக்கில் சம்பளப் பட்டியல் சின்னதாகத் தெரிகிறது, ஓட்டல் ஓடுகிறது. இடைவெளியை யார் நிரப்புகிறார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. உங்கள் ராத்திரிக்கு அவரிடம் பில்லே வரவில்லை. பில் வராத செலவை எந்த முதலாளியும் குறைக்க மாட்டார்.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டு. 30 நாள், நீங்கள் வேறொருவர் இடத்தில் நின்ற ஒவ்வொரு ஷிஃப்டையும் எழுதுங்கள். தேதி, எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் வரவில்லை. புலம்பல் வேண்டாம், கணக்கு போதும். நான் ஆலோசனை சொல்லும் ஒரு சின்ன ஓட்டலில் மேனேஜர் இப்படி எழுதியதில் ஒரு மாதத்தில் ரிசப்ஷன் ராத்திரி 11, காலை ரெஸ்டாரன்ட் 9, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் 6 என்று வந்தது. மொத்தம் 26. ஓர் ஆள் மாதத்துக்கு வேலை செய்யும் நாட்களும் அதேதான். தன் வேலைக்கு மேல் இன்னொரு முழு ஆளாகவும் அவர் இருந்திருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அந்த முதலாளி முதல்முறையாக வாயை மூடினார். பிறகு இரண்டு பேரை எடுத்தார். எல்லா முதலாளியும் எடுப்பார் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, விடுமுறை நாள். கொரோனாவுக்கு முன்னால் பெங்களூர் பிசினஸ் ஓட்டல்களுக்கு ஒரு தாளம் இருந்தது. திங்கள் முதல் வியாழன் வரை ஐ.டி. கம்பெனி ஆட்கள், வெள்ளி மதியம் எல்லாரும் விமானம் ஏறிவிடுவார்கள், சனி ஞாயிறு ஓட்டல் தூங்கும். ஊரே விடுமுறையில் இருக்கும்போது உழைக்கும் தொழிலில், இங்கே மட்டும் மேனேஜர்களுக்கு ஞாயிறு கிடைத்தது. வீட்டிலிருந்து வேலை வந்ததும் அது உடைந்தது. இப்போது வார நடுவில் ஒரு கூட்டம், வெள்ளி இரவிலிருந்து கல்யாணக் கூட்டமும் குடும்பத்தோடு சும்மா தங்க வருகிறவர்களும். பள்ளமே இல்லாத ரோடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் உங்கள் ஒர்க் ரோஸ்டரில், அதாவது வேலை அட்டவணையில், மேனேஜர் ஆஃப் இன்னும் ஞாயிறு என்றே போட்டிருக்கும், அதை நீங்கள் எடுப்பதும் இல்லை. கடைசி ஆறு மாதத்தில் எத்தனை அறை நிரம்பியது என்ற ஆக்குபன்சிக் கணக்கைக் கிழமை வாரியாக எடுத்துப் பாருங்கள். எந்தக் கிழமை குறைவோ அதை உங்கள் ஆஃப் ஆக்குங்கள். பெரும்பாலும் திங்களாகவோ வெள்ளியாகவோ இருக்கும். வீட்டில் எல்லாரும் இருக்கும் ஞாயிறு போச்சே என்றால், போச்சுதான். இல்லாத ஞாயிற்றைவிடக் கிடைக்கிற திங்கள் மேல்.

மூன்று மணிப் போனுக்கு என்னிடம் ஒரே மருந்துதான் உண்டு. ஓட்டல் செலவில் ஒரு சாதாரணப் போன், அதற்கு ஒரு நம்பர். வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் அதில். ட்யூட்டி மேனேஜர் மாறும்போது லாக் புக்கோடு போனும் கை மாறும். உங்கள் சொந்த நம்பர் தீ, விபத்து, போலீஸ் மூன்றுக்கு மட்டும். கொரோனாவில் தனிமை அறைகளில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கேட்கப் பழகினார்கள், நாமும் சொந்தப் போனிலேயே பதில் சொல்லிப் பழகினோம். அந்தப் பழக்கத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் நிற்கவில்லை. நீங்கள் சொல்லும் தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் பங்கும் அதில் உண்டு. ராத்திரி வேலை செய்கிறவர்களின் தூக்கக்கேட்டை ஒரு குணக்கேடு மாதிரி பார்க்கிற வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்காது.

பையன்கள் மூன்று மாதத்தில் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பிரேக் ஷிஃப்ட் போடுகிறீர்களா? காலை ஏழு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஆறு முதல் பதினொன்று. நடுவில் அந்தப் பையன் எங்கே போவான்? பன்னிரண்டு பேர் படுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கு. டெலிவரி ஓட்டினால் வெயிலும் மழையும் உண்டு, ஆனால் இன்றைக்கு எவ்வளவு சம்பாதித்தோம் என்று இன்றைக்கே தெரியும், எப்போது நிறுத்துவது என்பதும் அவன் கையில். முதல் ஆறு மாதத்துக்குப் பிரேக் ஷிஃப்ட் கிடையாது என்று வைத்துப் பாருங்கள். ரோஸ்டரை முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் போடாமல் பத்து நாள் முன்னால் ஒட்டுங்கள். அஸ்ஸாம், ஒடிசா பையன்களுக்கு மாதத்துக்கு நாலு ஆஃப் கொடுப்பதைவிட, பிஹுவுக்கோ துர்கா பூஜைக்கோ சேர்த்து 15, 20 நாள் கொடுங்கள். ரயிலிலேயே போக வர நாலைந்து நாள் போய்விடுகிறது. நான் “ஐந்து நாளில் திரும்பி வா” என்று அனுப்பிய எவனும் திரும்பி வந்ததில்லை. இருபது நாள் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வந்தார்கள், இரண்டு பேர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்று, ஹவுஸ்கீப்பிங்குக்கு முழு நாள் ஆளையே தேடாதீர்கள். பதினொன்றுக்குச் செக் அவுட், இரண்டுக்குச் செக் இன். நெருக்கடி இந்த இடைவெளியில்தான். பத்திலிருந்து மூன்று வரை ஐந்து மணி நேர வேலை என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரக்கூடிய பெண்கள் கே.ஆர்.புரத்திலும் மர்ஃபி டவுனிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அல்சூரில் என் தெருவிலேயே ஆறு பேரைக் காட்டுவேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்ற விதியை யார் போட்டது என்று எந்த எச்.ஆரும் எனக்குச் சொன்னதில்லை. நான் தொழிலுக்கு வந்தது ஹவுஸ்கீப்பிங் வழியாகத்தான், அதனால் சொல்கிறேன், மெத்தை விரிப்பை மடிப்பு இல்லாமல் போட ஐம்பது வயதுக் கைக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவு செய்தும் ஆள் குறையும் நாள் வரும். அன்றைக்கு நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அறையை மூடுவது. மூன்று அட்டெண்டன்ட் என்றால் அன்று 45 அறைதான். மிச்சத்தை ஆன்லைன் தளங்களில் அன்று மாலை நான்கு வரை நிறுத்துங்கள். தொடர்ந்து தங்குகிறவர்களிடம் “இன்று டவலும் தண்ணீரும் மட்டும் போதுமா?” என்று கேளுங்கள், கொரோனாவுக்குப் பிறகு பலர் போதும் என்றே சொல்கிறார்கள், வேறு ஆள் அறைக்குள் வராதது அவர்களுக்கும் பிடித்துப்போய்விட்டது. விற்கிற அறையை மூடுவதா என்று முதலாளி குதிப்பார். நானும் என் முதல் ஜி.எம். வருடத்தில் ஒரு அறைகூட மூடாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள்தான். அந்த வருடம் என் சூப்பர்வைசர் ஒருத்தி விரிப்புகள் அடுக்கும் லினன் ரூமில் மயங்கி விழுந்தாள்.

இப்போது சட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இதில் பெரிய ஆயுதம் இல்லை. 1961-ஆம் வருடக் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது, செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன, அது வழக்குப் போட்டால் உதவும். வழக்குப் போடும் மனநிலையில் நீங்கள் இல்லை என்று தெரிகிறது. அதைவிட அவசரமாக ஒன்று பாருங்கள். 2020-இல் பல ஓட்டல்களில் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, மறு வருடம் புதிதாகச் சேர்ந்தது போலக் காட்டினார்கள். உங்கள் பி.எஃப். கணக்கில் வேலைக்குச் சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தொடர்ச்சி உடையவில்லை என்றால் 13 வருடத்துக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. அடிப்படைச் சம்பளம் 32,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி 13-ஆல் பெருக்குங்கள், 2,40,000 ரூபாய். போவதாக இருந்தாலும் இருப்பதாக இருந்தாலும் இந்த எண் தெரியாமல் பேச உட்காராதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போனது கிராஜுவிட்டிக் கணக்கில் சேரும் என்பது அதில் உங்களுக்குச் சாதகமான பகுதி. ஒரு தொழிலாளர் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிடுங்கள்.

மருத்துவமனைக்கு வருவோம். எட்டாயிரம் குறைவு என்கிறீர்கள். 68,000-ஐ ஒரு நாளைக்கு 13 மணி நேரம், 26 நாள் என்று வகுத்தால் மணிக்கு 201 ரூபாய். 60,000-ஐ 9 மணி நேரத்துக்கு வகுத்தால் 256. அங்கே 9 மணி நேரம்தானா என்பதுதான் கேள்வி. அதை எச்.ஆரிடம் கேட்காதீர்கள். ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு அந்த மருத்துவமனை லாபியில் போய் உட்காருங்கள், காலையில் பார்த்த அதே மேனேஜர் அப்போதும் நிற்கிறாரா என்று பாருங்கள். வேலை சுலபம் என்று நினைத்தும் போகாதீர்கள். நம் விருந்தினர் சந்தோஷமாக வந்து கோபப்படுகிறவர், மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பயத்தோடு வருகிறவர்கள். டிஸ்சார்ஜ் அனுமதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் சொல்லிவிட்டது, ஆனால் அந்த மூன்று மணி நேரமும் நோயாளியின் மகன் நிற்பது உங்கள் மேசைக்கு முன்னால்தான்.

ஓடிப்போவதா என்று கேட்டீர்கள். உங்கள் கைவேலை என்ன? முன்பின் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் கேட்காததையும் கவனித்துச் செய்வது. மருத்துவமனை, முதியோர் குடியிருப்பு, டெக் பார்க் நிர்வாகம் என்று எல்லாரும் ஓட்டல் ஆட்களை இழுப்பது இதற்காகத்தான். தொழில் உங்களோடுதான் வரும். என் சித்திக்கு இன்றும் ஓட்டல் என்றால் இட்லி தோசைதான், “முப்பது வருஷமா எந்த ஓட்டல்ல மாவாட்டினே?” என்பாள். அவளுக்கு விளக்கவே முடியாத வேலைக்கு இவ்வளவு விசுவாசம் தேவையா என்று சில நாள் எனக்கே தோன்றியிருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். மருத்துவமனையிடம் ஆஃபர் கடிதத்தை எழுத்தில் வாங்கி, சேரும் தேதிக்கு இரண்டு மாதம் கேட்பேன். நோட்டில் 30 நாள் முடிந்ததும் முதலாளியிடம் அதை வைத்து மூன்று கேட்பேன்: ராத்திரி ரிசப்ஷனுக்கு ஓர் ஆள், வாரம் ஒரு முழு ஆஃப், மூன்று துறைக்கும் நானே என்றால் ஓர் உதவி மேனேஜர். சம்பள உயர்வு கேட்க மாட்டேன். உயர்வைக் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் மறந்துவிடுவார்கள், எனக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரு வாரத்தில் ஒன்றாவது எழுத்தில் வரவில்லை என்றால் போய்விடுவேன். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால், நீங்கள் போய்விடுவீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போகும்போது உங்கள் கீழே இருப்பவர்களிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள், போனில் வேண்டாம்.

அக்கா மகனுக்கு: தடுக்காதீர்கள். முகூர்த்த நாள் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துக் காலை ஆறு மணிக்கு உங்களோடு கூட்டிப்போய், பேன்க்வெட் ஹாலில் கடைசித் தட்டு எடுக்கும் வரை நிற்க வையுங்கள். மறுநாள் காலையிலும் அதே ஆசை இருந்தால் ஓட்டல் மேனேஜ்மென்ட் படிப்புக்கான தேசிய அளவிலான என்.சி.எச்.எம். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். சென்னை தரமணியில் இருக்கும் ஐ.எச்.எம். என்ற அரசு ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி, இங்கே பெங்களூரில் சேஷாத்ரி ரோட்டில் இருப்பது, இரண்டுக்கும் வழி அந்தத் தேர்வுதான். பிளேஸ்மென்ட் நூறு சதவீதம் என்று போர்டு வைத்திருக்கும் தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால், மூன்று வருடத்துக்கு முந்தைய மாணவர்கள் நாலு பேரின் போன் நம்பர் கேட்டுப் பாருங்கள்.